எல்லோருக்கும் பொதுவான போன்

பொது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் சுருக்கென்று கோபம் வரும். பொதுக் குழாய், பொது வழி, வீட்டுக்குப் பொதுவான பொருள், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பொதுவில் இருக்கும் ஒன்று இரண்டு பேருக்கும் நட்டநடுவில் இருக்கும் என்று நம்புகிறவர்கள் ஏமாளிகள். அப்படி நம்பச் சொல்கிறவர்கள் அதைக் கையில் வைத்திருப்பவர்கள். இது எனக்கு உறைத்தது பதினோராம் வகுப்பு வேதியியல் வகுப்பில். பாடப் புத்தகத்தில் அது எலக்ட்ரானைப் பற்றி மட்டும்தான் இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்.

எங்கள் வீடு மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய தெருவில். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் உப்பளத்தில் கூலி வேலை. அப்பா பாத்தியில் இறங்கி உப்பை வாரி வரப்பில் சேர்ப்பார், அம்மா அதைக் கூடையில் சுமந்து போய்க் குவியலில் கொட்டுவாள். அண்ணன் என்னைவிடப் பெரியவன். படிப்பை நிறுத்திவிட்டு ஆரோவில் பக்கம் ஒரு ரொட்டி போடும் இடத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். கொரோனாவில் பள்ளிக்கூடத்தை மூடி, பாடத்தை எல்லாம் போனில் அனுப்ப ஆரம்பித்தபோது எங்கள் வீட்டுக்கு முதல் டச் போன் வந்தது. என் படிப்புக்காக வாங்கியது என்று தெருவுக்கே தெரியும். அப்பாவே டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாங்கிய புதிதில் அது என் மடியில்தான் இருந்தது. பிறகு அண்ணன் வேலைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போனான், வழியில் ஏதாவது ஆனால் கூப்பிட வேண்டும் என்றான். சரி. அவன் லீவு நாளில் அப்பா அதைப் பாலித்தீன் கவரில் சுற்றி உப்பளத்துக்கு எடுத்துப் போய் மோட்டார் கொட்டகை ஆணியில் மாட்டி வைப்பார், மேஸ்திரி கூப்பிடுவார் என்றார். அதுவும் சரி. பள்ளிக்கூடம் திறந்த பிறகு, "உனக்கு இன்னாத்துக்குப் போனு, அதான் மிஸ்ஸே நேர்ல நடத்துறாங்களே" என்று அண்ணன் கேட்டான். எனக்கு வேண்டுமானால் ராத்திரி சாப்பிட்ட பிறகு, அவன் கிரிக்கெட் பார்த்து முடித்து, சார்ஜ் மிச்சம் இருந்தால் கிடைக்கும். கேட்டால் மூன்று பேரும் ஒரே பதில்தான் சொல்வார்கள், "எல்லாருக்கும் பொதுதான், யாரு வேணான்னது?"

அம்மாவும் அதையே சொன்னாள் என்பதுதான் எனக்கு அப்போது அதிகமாக எரிந்தது.

பதினோராம் வகுப்பில் எங்கள் வேதியியல் மிஸ் வேதிப் பிணைப்பு நடத்தினார். இரண்டு அணுக்கள் ஆளுக்கு ஒரு எலக்ட்ரான் போட்டு ஒரு ஜோடியாக்கி இருவருக்கும் பொதுவாக வைத்துக்கொள்வது சகப்பிணைப்பு என்று கரும்பலகையில் படம் போட்டு எழுதினார். பொதுவாக என்ற சொல்லைக் கேட்டதும் என் காது நிமிர்ந்தது. அடுத்து அவர் சொன்னதைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. பொதுவாக வைத்துக்கொண்டாலும் அந்த ஜோடி நடுவிலேயே நிற்காது. எந்த அணு அதைத் தன் பக்கம் அதிகமாக இழுக்கிறதோ அந்தப் பக்கம் சாயும். அப்படி இழுக்கும் திறனுக்குப் பெயர் எலக்ட்ரான் கவர்தன்மை. ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள். ஹைட்ரஜனுக்கு 2.1, குளோரினுக்கு 3.0, சோடியத்துக்கு வெறும் 0.9.

"ரெண்டு எண்ணையும் கழிச்சுப் பாருங்க. வித்தியாசம் எவ்வளவோ அதை வெச்சுத்தான் பிணைப்போட குணம்," என்றார் மிஸ்.

ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் வித்தியாசம் பூஜ்யம். யாரும் யாரையும் விஞ்ச முடியாது, ஜோடி நடுவில் நிற்கும், பிணைப்பில் முனைவு கிடையாது. ஹைட்ரஜனும் குளோரினும் சேர்ந்தால் வித்தியாசம் 0.9. ஜோடி பெயருக்குத்தான் பொது, பாதிக்கு மேல் பொழுது குளோரின் பக்கம். அதனால் குளோரின் முனையில் கொஞ்சம் எதிர்மின்சுமை ஏறுகிறது, ஹைட்ரஜன் முனையில் அதே அளவு நேர்மின்சுமை. முழுச் சுமை இல்லை, பகுதிச் சுமைதான். டெல்டா என்று ஒரு குட்டி எழுத்தைப் போட்டுப் பக்கத்தில் பிளஸ், மைனஸ் எழுத வேண்டும். இதற்குப் பெயர் முனைவுள்ள சகப்பிணைப்பு. சோடியமும் குளோரினும் என்றால் வித்தியாசம் 2.1. அங்கே பங்கு என்ற பேச்சே இல்லை. குளோரின் அந்த எலக்ட்ரானைக் கிட்டத்தட்ட முழுசாகவே எடுத்துக்கொண்டுவிடுகிறது. பறிகொடுத்தது நேர் அயனி, பறித்தது எதிர் அயனி, அந்த எதிரெதிர்ச் சுமையால்தான் இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. எங்கள் ஊரே வாரிக் குவிக்கும் உப்பு அதுதான்.

மிஸ் கயிறு இழுக்கும் போட்டியை உதாரணம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது பொருந்தவில்லை. கயிறு இழுப்பவர்கள் போட்டி என்று தெரிந்துதான் இழுக்கிறார்கள். நான் எழுந்து, "எங்க வூட்டுப் போன் மாதிரிங்க மிஸ். பொதுன்னு சொல்லுவாங்க, ஆனா எங்க அண்ணன் பாக்கெட்லதான் இருக்கும்," என்றேன். வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரித்ததில் பாதிப் பேர் பெண்கள், அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியும். மிஸ்ஸும் சிரித்துவிட்டு உட்காரச் சொன்னார். மறுநாள் அடுத்த செக்‌ஷனில் போய் அதே உதாரணத்தை, என் பெயரையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். அந்த வகுப்பில் அண்ணனின் கூட்டாளி ஒருவனின் தங்கை இருந்தாள். சாயங்காலத்துக்குள் விஷயம் அண்ணன் காதுக்குப் போய்விட்டது. வீட்டு விஷயத்தைப் பள்ளிக்கூடத்தில் சொல்லி மானத்தை வாங்கிவிட்டேன் என்று குதித்தான். தண்டனையாக ராத்திரி கிடைத்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரமும் போயிற்று. என் உதாரணம் எவ்வளவு சரி என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அந்தப் பாடத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் ஒன்று உண்டு. வித்தியாசம் 1.7-க்கு மேல் போனால் அயனிப் பிணைப்பு, கீழே இருந்தால் முனைவுள்ள சகப்பிணைப்பு என்று ஒரு விதியை மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். நான் ஹைட்ரஜனையும் ஃபுளூரினையும் கழித்துப் பார்த்தேன். 4.0-இல் 2.1 போனால் 1.9. விதிப்படி அயனியாக இருக்க வேண்டும். ஆனால் ஹைட்ரஜன் ஃபுளூரைடு சகப்பிணைப்பு மூலக்கூறு என்று அதே புத்தகம் வேறு பக்கத்தில் சொல்கிறது. கேட்டால் விதிவிலக்கு என்றார் மிஸ். விதிவிலக்கு என்று சொல்லி வாயை அடைப்பது எனக்கு எப்போதும் பிடிக்காது. கல்லூரியில் படிக்கும்போதுதான் தெளிந்தது, அப்படி ஒரு கறாரான எல்லையே கிடையாது. வித்தியாசம் கூடக் கூட ஜோடி கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்துகொண்டே போகும், பிணைப்பில் அயனிக் குணம் ஏறிக்கொண்டே போகும். எந்த இடத்தில் பொது முடிந்து பறிப்பு ஆரம்பித்தது என்று கோடு போட முடியாது. எங்கள் வீட்டிலும் அந்தப் போன் எந்த நாளில் அண்ணனுடையது ஆனது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினேன். டவுனில் இருக்கும் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படிக்க வேண்டும் என்பது என் ஒரே ஆசை. தனியார் கல்லூரி எங்கள் வீட்டுக்குக் கனவிலும் கிடையாது. இந்த இடம் கிடைக்காவிட்டால் உப்பளத்தில் அம்மாவோடு கூடை தூக்குவது, இல்லாவிட்டால் யாராவது மாப்பிள்ளை. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டேன். போன் நம்பர் கேட்டார்கள், வீட்டு நம்பரைக் கொடுத்தேன். வேறு எந்த நம்பரைக் கொடுப்பேன்? கலந்தாய்வுக்கு எந்த நாள் வர வேண்டும் என்று மெசேஜ் வரும், அன்றைக்கு சர்டிபிகேட்டோடு நேரில் வராவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று சென்டர்காரர் சொன்னார். வீட்டில் மூன்று பேரிடமும் சொன்னேன். அண்ணனிடம் இரண்டு முறை சொன்னேன். "வந்தா சொல்லமாட்டனா?" என்றான்.

அதற்குள் போன் தண்ணீரில் விழுந்தது. வாசலில் லாரித் தண்ணீர் பிடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் டிரம்மின் விளிம்பில் போனைச் சாய்த்து வைத்து, கிரிக்கெட் பார்த்துக்கொண்டே அண்ணன் குளித்திருக்கிறான். யாரோ அவுட் ஆனதும் கையை ஓங்கியதில் போன் டிரம்முக்குள் போய்விட்டது.

மற்ற ஊரில் என்ன செய்வார்கள்? துடைத்துக் காற்றாட வைப்பார்கள், இல்லாவிட்டால் அரிசியில் புதைப்பார்கள். எங்கள் தெருவில் என்ன செய்தார்கள் தெரியுமா? உப்பில் புதைத்தார்கள். இப்படி ஒரு தப்பை உப்பளத்துக்காரர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்ய முடியாது. அப்பா உள்ளே போய், உப்பளத்திலிருந்து வீட்டுச் செலவுக்குக் கொண்டுவந்து வைத்திருந்த கல்லுப்பு மூட்டையை அவிழ்த்து, போனை ஆழமாக உள்ளே செருகினார்.

"அப்பா, உப்புல வேணாம்பா. ஃபேனுக்கு அடியில வெச்சா போதும்பா," என்றேன்.

"ஈரத்த உப்பு இழுக்கும். மழ வந்தா குவியலு எப்படி ஊறிப் போவுது, பாத்தது இல்ல?"

"இழுக்கும்பா. இழுத்துட்டு அதுவே கரையும். கரைஞ்ச தண்ணி போனுக்குள்ள போனா எல்லாம் அரிச்சுப் போயிடும்."

"உப்புலயே பொறந்து வளர்ந்தவனுக்கு நீ உப்பப் பத்திப் பாடம் எடுக்கறியா?" என்றார் அப்பா. வேடிக்கை பார்க்க வந்திருந்த தெருக்காரர்கள் நாலு பேரும் அவர் பக்கம். எதிர்வீட்டு மாமா, உப்பைவிட வேறு எது ஈரத்தை இழுக்கும் என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அப்பா சொன்னதில் பாதி சரி என்பதுதான் கொடுமை. கல்லுப்பு ஈரத்தை இழுக்கும்தான். அதற்குக் காரணம் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் மெக்னீசியம் குளோரைடு, உப்பு விளைந்த பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் இருப்பது. தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்சிஜனுக்கு 3.5, ஹைட்ரஜனுக்கு 2.1, வித்தியாசம் 1.4. இரண்டு ஹைட்ரஜனிடமிருந்தும் ஜோடிகளை ஆக்சிஜன் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. மூலக்கூறும் நேர்கோடாக இல்லாமல் வளைந்திருப்பதால் ஒரு பக்கம் கொஞ்சம் மைனஸ், மறுபக்கம் கொஞ்சம் பிளஸ். இந்த மைனஸ் பக்கம் மெக்னீசியம் அயனியையும் சோடியம் அயனியையும் சூழ்ந்துகொள்ளும், பிளஸ் பக்கம் குளோரைடைச் சூழ்ந்துகொள்ளும். சூழ்ந்து, கட்டியிலிருந்து பெயர்த்துத் தண்ணீருக்குள் இழுத்துப் போய்விடும். அதுதான் கரைவது. கரைந்த பிறகு அந்த அயனிகள் இஷ்டத்துக்கு அலையும், மின்சாரத்தைக் கடத்தும், உள்ளே பேட்டரி வேறு இருக்கிறது, செம்பையும் தகரத்தையும் தின்றுவிடும். நல்ல தண்ணீரில் விழுந்து ஒருவேளை பிழைத்திருக்கக்கூடிய போனை எடுத்து உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டதுதான் நடந்தது. ஆனால் இதை எல்லாம் நான் யாரிடம் சொல்வது? பேச ஆரம்பித்தாலே, "ஆரம்பிச்சிட்டா டீச்சரம்மா" என்று அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டான்.

மூட்டையிலிருந்து எடுத்தபோது சார்ஜ் போடும் ஓட்டையில் பச்சையாகப் பூத்திருந்தது. போன் செத்துவிட்டது. கல்லுப்புக்குப் பதில் பொடியுப்பில் வைத்திருக்க வேண்டும் என்று எதிர்வீட்டு மாமா தீர்ப்புச் சொன்னார்.

எனக்குப் போனைப் பற்றிக் கவலை இல்லை, சிம்மைப் பற்றித்தான் கவலை. மெசேஜ் அந்த நம்பருக்குத்தான் வரும். சிம் எங்கே என்று கேட்டேன். தண்ணீரில் விழுந்த உடனே சிம்மைக் கழற்றியாயிற்று, கூட்டாளியிடம் ஒரு பழைய போனை வாங்கி அதில் போட்டுக்கொண்டேன் என்றான் அண்ணன். அந்தப் போன் அவனுடையது, அதனால் அதைத் தொட எங்கள் யாருக்கும் உரிமை இல்லையாம். பொது என்று சொல்லிக்கொள்ளும் சம்பிரதாயம்கூட அன்றோடு தீர்ந்தது. இனிமேல் அவன் குளோரைடு, நான் சோடியம். நம்பர் மட்டும் வீட்டு நம்பர்.

தினமும் அவன் வேலையிலிருந்து வந்ததும் மெசேஜ் வந்ததா என்று கேட்பேன். இல்லை என்பான். ஒரு நாள், "தெனம் இதே ரோதனையா?" என்று சத்தம் போட்டான். அப்பா என்னைத்தான் அடக்கினார்.

என்னோடு பள்ளியில் படித்த ஒருத்தி எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்தாள். அவள் அப்பா குவைத்தில் டிரைவர். அவர் பேச வேண்டும் என்பதற்காக அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் ஆளுக்கொரு போன் உண்டு. அதே கல்லூரியில் பி.காம். கேட்டிருந்தாள். ஒரு சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள், கையில் ஃபைலோடு.

"ஏண்டி நேத்து வரல?" என்றாள்.

"எங்க?"

"காலேஜுக்குத்தான். நேத்து சயின்ஸ் குரூப்பு, இன்னிக்கு எங்களுக்கு. உன் பேரக் கூப்ட்டாங்களாம், ஆளக் காணோம்னு அடுத்த பேருக்குப் போயிட்டாங்களாம்."

அண்ணன் வரும்வரை வாசலிலேயே நின்றேன். வண்டியை நிறுத்துவதற்கு முன்பே அவன் சட்டைப் பையிலிருந்து போனை உருவினேன். மெசேஜ் இருந்தது. கல்லூரியின் பெயர், நாள், நேரம், கொண்டுவர வேண்டிய சர்டிபிகேட், எல்லாம் இருந்தது. திறந்தும் பார்த்திருக்கிறான்.

"காலேஜுக்காரனுங்க விளம்பரம்னு நெனச்சேன். ரிசல்ட்டு வந்ததுலருந்து இந்த மாதிரி தெனம் வருது," என்றான்.

அவன் சொன்னது பொய் இல்லை. தனியார் கல்லூரிகள் அப்படித்தான் மெசேஜாகக் கொட்டிக்கொண்டிருந்தன. ஆனால் அந்த மெசேஜில் என் பெயர் இருந்தது. தங்கையின் பெயரைப் பார்த்த பிறகும் ஒருவனுக்கு அது விளம்பரமாகத் தெரிகிறது என்றால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றைக்கு வீட்டில் நான் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். சிம்மைக் கழற்றி என் கையில் கொடுக்க வேண்டும் என்றேன். கொடுக்க முடியாது, வேலைக்குப் போகிறவனுக்கு நம்பர் வேண்டும் என்றார் அப்பா. சிம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டேன். அது அம்மா பெயரில் இருந்தது. சிம் வாங்கப் போனபோது, உப்பில் தேய்ந்த அப்பாவின் விரலைக் கடைக்காரனின் மெஷின் ஏற்றுக்கொள்ளவில்லை. அம்மாவின் விரல் ரேகையைத்தான் எப்படியோ தேய்த்துத் துடைத்து ஏற்றினார்கள்.

"யாரு பேருல இருந்தா இன்னா? வூட்டுக்குப் பொதுதான?" என்றார் அப்பா.

"பொதுன்னு சொல்லாதீங்கப்பா. பொதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

"இன்னா இப்ப? தெரியாம நடந்து போச்சு. வேணும்னா செஞ்சான்? அடுத்த வருஷம் பாத்துக்கலாம், விடு."

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. கரியமில வாயு என்று ஒன்று இருக்கிறது. நடுவில் கார்பன், இரண்டு பக்கமும் ஆக்சிஜன். இரண்டு பிணைப்பிலும் ஜோடிகளை ஆக்சிஜன்தான் இழுக்கிறது, இரண்டுமே முனைவுள்ள பிணைப்பு. ஆனால் ஒன்று இந்தப் பக்கமும் இன்னொன்று நேர் எதிர்ப் பக்கமும் சமமாக இழுப்பதால் மொத்த மூலக்கூறுக்கு முனைவு இல்லை என்று வந்துவிடும். வெளியிலிருந்து அளந்து பார்த்தால் அங்கே இழுபறியே இல்லாத மாதிரி இருக்கும். அம்மாவைப் பார்த்தவர்கள் எல்லாம் அமைதியான பொம்பளை என்று சொல்வார்கள்.

மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போனேன். மேசையில் இருந்தவர் தன்மையாகத்தான் பேசினார். மெசேஜ் போய்ச் சேர்ந்ததாகக் காட்டுகிறது, அதற்கு மேல் தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். இரண்டாவது சுற்றில் இடம் மிச்சம் இருந்தால் மறுபடியும் மெசேஜ் வரும், அதிலும் வராவிட்டால் இந்த வருஷம் அவ்வளவுதான்.

"இதே நம்பர் தானேம்மா?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. மாற்ற வேண்டும் என்று சொல்லி, அடுத்த தெருத் தோழியின் நம்பரைச் சொன்னேன். அவளிடம் கேட்டுக்கூட இல்லை. திரும்பி வந்து சொன்னபோது அவள், "வந்தா ராத்திரியானாலும் வந்து கதவத் தட்டுவேன்டி" என்றாள். தட்டவும் தட்டினாள். வேதியியலில் இரண்டு இடம் மிச்சம் இருந்தது, அதில் ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

வீட்டில் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். நான் ஒரு மடச்சி. இடம் கிடைத்தது என்று சொன்னதும் அண்ணன் போனை எடுத்துத் தேடினான். "மெசேஜே வரலியே?" என்றான். யார் நம்பருக்கு வந்தது என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவ்வளவுதான். வீட்டு நம்பர் இருக்கும்போது அடுத்தவர் வீட்டு நம்பரைக் கொடுத்துவிட்டாளே, ஊருக்கு முன்னால் எங்களைக் கேவலப்படுத்திவிட்டாளே என்று அப்பா ஆரம்பித்தார். முதல் மெசேஜை விழுங்கிய அண்ணனைப் பார்த்து, தெரியாமல் நடந்துவிட்டது, விடு என்று சொன்ன அதே வாய். சேரும் அன்றைக்கு அப்பாவோ அம்மாவோ கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றேன்.

"எந்த வூட்டு நம்பரக் குடுத்தியோ அந்த வூட்டு ஆளக் கூட்டிக்கினு போ," என்றார் அப்பா.

விடியும்போது அம்மா எண்ணெய் தடவித் தலை வாரிக்கொண்டு நின்றாள். உப்பு வாரும் மும்முரமான காலம், ஒரு நாள் போகாவிட்டால் மேஸ்திரி ஆளை மாற்றிவிடுவார். அப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். அம்மா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, "வா" என்றாள். தோழியும் கூட வந்தாள், மெசேஜைக் காட்டச் சொல்வார்கள் என்று.

கல்லூரியில் எல்லாம் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. அம்மா கையெழுத்துப் போடத் தெரிந்தவள்தான். பேனாவைப் பிடிக்க விரல் மடங்கவில்லை, அவ்வளவுதான். நேரம் எடுத்துக்கொண்டு முழுப் பெயரையும் எழுதினாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றோம். வேதியியலில் சேர்ந்துவிட்டேன், எனக்கு ஊரையே ஜெயித்த மாதிரி இருந்தது. வழியெல்லாம் அண்ணனைத் திட்டிக்கொண்டே வந்தேன், என் போன், என் சிம், என் இடம் என்று.

பிறகு அம்மா என்னைப் பார்க்காமல் தோழியிடம் கேட்டாள், "ஏம்மா, உன் போன்ல எங்க அக்காகிட்ட ஒரு வார்த்த பேசட்டுமா?"

நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள். அம்மாவுக்கு ஒரு போன் நம்பர் மனப்பாடமாகத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பெரியம்மா கடலூர்ப் பக்கம் இருக்கிறாள். வீட்டில் அவளோடு பேச வேண்டும் என்றால் அண்ணன்தான் போட்டுக் கொடுப்பான், ஸ்பீக்கரில் போட்டுத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டிருப்பான். அப்பா பக்கத்தில் படுத்திருப்பார். "நல்லா இருக்கியாக்கா, சாப்ட்டியா, சரி வெச்சிடறேன்," அதோடு முடிந்துவிடும். அக்கா தங்கைக்குள் அவ்வளவுதான் ஒட்டுதல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோழி போனைக் கொடுத்ததும் அம்மா அதை இரண்டு கையாலும் வாங்கினாள். காதில் வைக்கத் தெரியாமல் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். தோழி திருப்பி வைத்துவிட்டாள். மறுமுனையில் எடுத்ததும் அம்மா எங்களை விட்டு விலகி, நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடிக்குப் போனாள்.

"அக்கா, நான்தான்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "இல்லக்கா, பக்கத்துல யாரும் இல்ல. நீ சொல்லு."

அந்த வீட்டில் போனைப் பறிகொடுத்தவள் நான் ஒருத்திதான் என்று அத்தனை நாள் கத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகைப் படத்தை நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தபோதெல்லாம் அதில் இரண்டே பேர்தான் இருந்தோம், அண்ணனும் நானும். அம்மா பெயரில் வாங்கிய சிம்மில் அவள் ஒரு வார்த்தை தனியாகப் பேசியதில்லை. அது யாருக்கும் தப்பாகத் தெரியவில்லை, எனக்கும்தான். அதை நினைத்தால் எனக்கு அண்ணன் மேல் வந்த கோபத்தைவிடப் பெரிய கோபம் வருகிறது.

எங்கள் ஊர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொல்லி விசில் அடித்தார். அம்மா முதுகைக் காட்டியபடி பேசிக்கொண்டிருந்தாள், இடது கை முந்தானையால் கண்ணைத் துடைத்தது. அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று தோழியிடம் சொன்னேன்.